கிரேம் செய்த திரை

கனடாவின் வாட்டர்லூவில் கிரேம் டாலிவரிடம் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். விண்டோஸும் மேக்கும் ஆட்டு மந்தைகளுக்கானவை என்பது அவனுடைய வேதம். அவற்றுக்கு மாற்றாக, லினக்ஸுக்கு 'லூன்' என்றொரு திரை முகப்பைச் செய்துகொண்டிருந்தோம். கோடை மாநாட்டில் பெருமையடித்துக்கொள்ள, மூன்றையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தான். எது முதலில் வர வேண்டும் என்பதை அப்போதே சொல்லிவிட்டான்.

சோதனைக்குச் சாதாரண ஆட்களாகப் பார்த்து அழைத்தேன். பென்டிரைவில் இருக்கும் படங்களைக் கணினிக்கு மாற்றி, ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, பென்டிரைவைப் பத்திரமாகக் கழற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. மேக்கில் ஜன்னலை மூடியும் நிரல் ஓடிக்கொண்டிருந்தது சிலரைக் குழப்பியது. விண்டோஸில் கழற்றும் ஐகான் மூலையில் பதுங்கியிருந்தது. முணுமுணுத்தாலும் எல்லோரும் முடித்துவிட்டார்கள்.

லூனில்தான் எல்லோரும் சிக்கினார்கள். ஓரெஸ்ட் கோவல்சுக் என்ற வேதியியல் ஆசிரியர் திரையின் கீழே இருந்த பட்டையைத் தெரியாமல் ஓரத்துக்கு இழுத்துவிட்டார். பட்டை மறைந்தது. திறந்திருந்த ஜன்னல்களையும் காணோம்.

ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் என்னோடு நின்றிருந்த கிரேம் சிரித்தான். "இந்த ஆள எங்கேருந்து புடிச்ச, மார்னி? தானே தூக்கிப் போட்டுட்டுத் தானே தேடறான் பாரு."

நான் தடுப்பதற்குள் உள்ளே போய் அவர் கையிலிருந்து மவுஸை வாங்கினான். மூலை மூலையாகச் சொடுக்கிப் பார்த்தான். பட்டை வரவில்லை. கடைசியில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து கட்டளைகளைத் தட்டச்சு செய்தான்.

"மவுஸ விட்டுட்டீங்களே?" என்றார் ஓரெஸ்ட்.

"இதுதான் வேகம்."

"சரி. இதுல என்ன எழுதணும்னு எனக்கு யாரு சொல்லுவா?"

"கையேட்டுல இருக்கு. படிக்கற பழக்கம் இருக்கறவங்களுக்கு."

ஓரெஸ்ட் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "நல்லவேளை, நீங்க லிஃப்ட் செய்யற தொழிலுக்குப் போகல. மாடி ஏறவும் கையேடு படிக்க வெச்சிருப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கூட்டத்தில், லூனில் தோற்றவர்களைத் தகுதியற்றவர்கள் என்று கணக்கிலிருந்து நீக்கச் சொன்னான் கிரேம். எனக்கு எரிச்சலாக வந்தது.

"அவங்கள எடுத்துட்டா மிச்சம் யாரு இருக்கா? உன்னையும் சேர்க்க முடியாது கிரேம். நீயும் மவுஸால முடிக்கல."

மேசையைச் சுற்றியிருந்த யாரும் நிமிரவில்லை. மாதா மாதம் சம்பளம் வாங்குகிற தலைகள். புத்திசாலிகளுக்குச் செய்கிறோம், மடையர்களுக்கு இல்லை என்று கிரேம் ஒரு சொற்பொழிவே ஆற்றினான். பிறகு எங்கள் அலுவலக நிரலாளர்களையே உட்கார வைத்துச் சோதனையை மறுபடி நடத்தினார்கள். தாங்கள் கட்டியதைத் தாங்களே பயன்படுத்தித் தேறிவிட்டார்கள். லூன் முதலிடம். மாநாட்டில் கைதட்டலும் கிடைத்ததாம்.

அறிக்கையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு வேலையையும் விட்டேன். இப்போது ஹாமில்டனில், மருத்துவமனைக் கருவிகளின் திரைகளைச் சோதிக்கிறேன். போன மாதம் கிரேமிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. லூனை யாரும் நிறுவுவதில்லையாம், மக்களின் ரசனை கெட்டுவிட்டதாம், வேறு ஆட்களை வைத்துச் சோதித்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தான்.

பதில் எழுதும் அளவுக்குக்கூட அவனை மதிக்கத் தோன்றவில்லை.