பன்னிரண்டு இன்ஜின்

ஆன்லைனில் வாங்கினால் மலிவு என்று பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பொம்மை ரயிலின் சக்கரம் கழன்றால் அதை மொபைலிடம் காட்டிப் பாருங்கள், மாட்டித் தருமா? கோமளா மாட்டித் தருவாள். திருப்பூரில் பொம்மை ரயில் பைத்தியங்களான எங்களுக்கென்று இருப்பது அவளுடைய அந்த ஒற்றைக் கடைதான்.

நான் செல்வக்குமார். மங்கலம் ரோட்டில் கிட்டுசாமியின் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆறு நாள் துணி வெட்டுவேன், ஞாயிற்றுக்கிழமை பொம்மை ரயில் ஓட்டுவேன். நாற்பத்தைந்து வயதில் பொம்மையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். முதலாளிக்கும் இதே பைத்தியம். கம்பெனி மாடியில் தண்டவாளம் போட்டு, எங்கள் பன்னிரண்டு பேர் சங்கத்துக்குத் தலைவராகவும் இருக்கிறார்.

பொங்கல் கண்காட்சிக்கு ஆளுக்கொரு புது இன்ஜின் வேண்டும் என்று கோமளாவிடம் சொன்னவர் அவர்தான். இந்த ஊரில் வாய்வார்த்தைதான் ஆர்டர். அவளும் கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டு வரவழைத்து, ஞாயிறு காலை பன்னிரண்டு பெட்டிகளையும் மாடியில் கூடியிருந்த எங்கள் முன்னால் இறக்கினாள்.

கிட்டுசாமி மொபைலைத் தடவிக்கொண்டே சொன்னார். "இதே இன்ஜின் ஆன்லைன்ல சல்லீசா கெடைக்குது கண்ணு. நீ எடுத்துட்டுப் போயிரு."

"ஏனுங்க, நீங்க சொல்லித்தானுங்க வரவச்சேன்," என்றாள் கோமளா. "இத்தனையும் திரும்பி வந்தா கடையச் சாத்தீர வேண்டியதுதானுங்க."

"யாவாரம்னா அப்படித்தான் இருக்கும்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. போன வருஷம் எங்களிடம் பனியன் வாங்கும் ஒரு வெளிநாட்டு பையர், நாங்கள் துணி பின்னிச் சாயம் ஏற்றி முடித்த பிறகு ஆர்டரை ரத்து செய்தான். அன்றைக்கு இதே மனிதர் என் கட்டிங் டேபிள் முன்னால் நின்று, "சொன்ன சொல்லுக்கு நிக்காதவனெல்லாம் மனுசனா?" என்று கத்தினார். அதை அப்படியே அவரிடம் திருப்பிச் சொன்னேன்.

"அது வேற, இது வேற. பேசாம இரு. இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. துணியில் குறை என்றால் வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கத்தரி பட்டபின் துணிக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். துணி வாங்கியவனுடையது. இது கிட்டுசாமிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்தேன். என் பெயர் எழுதிய பெட்டியின் சீல் டேப்பை வெட்டி, இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்து ஓட்டினேன்.

"டேய்!" என்றார் கிட்டுசாமி.

எங்கள் சங்கத்தில் ஒருவரான, சோமனூரில் தறி ஓட்டும் கன்னையன் தன் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"எனக்கும் வெட்டுங்க மாஸ்டர்."

அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்து நின்றார்கள். பதினொரு பெட்டிகளை வெட்டி முடித்தேன். கோமளா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மிச்சமிருந்தது கிட்டுசாமியுடையது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு என்னை முறைத்தார். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது எனக்கு.

"கையெடுங்க மொதலாளி," என்றேன். "கத்தரி பட்டுருமுங்க."

எடுத்தார். வெட்டினேன்.