மூலையில் மாறிய லாட்

சுந்தரலிங்கத்தின் சந்தேகம் முழுக்க நதியாவின் மேல்தான். கூடலூர்ப் பக்கம் புதிதாகத் திறந்த ஏலக்காய் ஏலக்கூடத்தில் கம்ப்யூட்டர் வைத்து ஏலம் நடத்துகிறவள் அவள். வடக்கே ஒரு முதலாளிக்குக் காய் எடுத்துக்கொடுப்பது இவர் பிழைப்பு. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு குவியல் காயும் எண் போட்ட ஒரு லாட். இந்த வாரத்தில் இரண்டு முறை கேட்டது ஒரு லாட், தலையில் விழுந்தது வேறு லாட். நல்ல பச்சைக்காய் கேட்ட முதலாளிக்கு வெளிறிய காய் போய்ச் சேர்ந்தது. இனியும் இப்படியென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அவள் எதையோ மாற்றுகிறாள். பக்கத்து நாற்காலி வியாபாரி ஆண்டனி ராஜ் அவளைப் பார்த்துச் சிரித்தபோது, இரண்டு பேரும் கூட்டு என்றே முடிவுகட்டினார். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

வழக்கம்போல, ஏலத்தில் இருந்த லாட்டின் சாம்பிள் காயை உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, ஒன்றை உடைத்து மென்றார். நிமிர்ந்து, சுவர்த் திரையில் விலையைப் பார்த்து, ஏலம் கேட்கும் பட்டனை அழுத்தினார். விழுந்தது அடுத்த லாட். வந்ததே கோபம்!

"ஏம்மா, யாரு சொல்லி லாட்ட மாத்துற?"

"நான் எதுக்குண்ணே மாத்தணும்? அது மாறி நேரமாச்சு. திரையிலதான் போட்டிருக்குல்ல?"

"எங்கன போட்டிருக்கு?"

காட்டுகிறேன் என்று மேடையிலிருந்து விறுவிறுவென இறங்கி வந்தவள், அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். நடுவில் விலை கொட்டை எழுத்தில் இருந்தது. லாட் எண் மேல்மூலையில் எறும்பளவு. அது சத்தமில்லாமல், நிறம்கூட மாறாமல் இன்னொரு எண்ணாகியது. அவளுடைய கம்ப்யூட்டரில் அந்த எண்தான் பெரிது. இங்கே வந்து அவள் பார்த்ததே இல்லை.

"இங்கன இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியலையேண்ணே" என்றாள். முகம் செத்துவிட்டது. கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்: "எல்லாரும் எந்த லாட்டுக் காய கையில வச்சிருக்கீக?"

பாதிப் பேர் கையில் முடிந்துபோன லாட்டின் காய். வாரம் முழுக்க ஒருவரும் வாய் திறக்கவில்லை. பல்லில் கடித்தே காயின் தரம் சொல்கிறவர்கள், லாட் மாறி எடுத்தேன் என்று எப்படிச் சொல்வார்கள்?

சுந்தரலிங்கத்துக்கு வெட்கமாகிவிட்டது. கூடவே பெரிய நிம்மதி. முதலாளியிடம் விளக்கிச் சொல்லிவிடலாம்.

ஆண்டனி ராஜ் மெதுவாகப் பக்கத்தில் சாய்ந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீக. எனக்கும் லாட்டு மாறுச்சு. நீங்களும் அந்தப் புள்ளையும் கூட்டுன்னு நெனச்சு, காலையில உங்க முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லிப்புட்டேன்."

சுந்தரலிங்கத்தின் சட்டைப்பையில் போன் அடிக்கத் தொடங்கியது.