முதல் பந்தி

இலையில் விழுந்த சோற்றின் ஆவி முகத்தில் அடிக்கிறது, லேயாள் குனிந்தே இருக்கிறாள், நிமிர்ந்தால் அழுத கண் தெரிந்துவிடும், சபைச் செயலாளர் தாமே வாளியைத் தூக்கி வந்து அவள் இலையில்தான் முதல் கரண்டிக் கறிக்குழம்பை ஊற்றுகிறார், போட்டோக்காரர் அக்கா கொஞ்சம் சிரிங்க என்கிறார், சிரிக்கிறாள், சிரிப்பதற்கு என்ன, ஊரே ஒரு பந்தலுக்குள் உட்கார்ந்து ஒரே உலைச் சோற்றைத் தின்கிற இந்த அசனப் பண்டிகையில் வருஷா வருஷம் முன்வரிசையில் இருந்து சிரித்துப் பழகிய வாய்தானே, பக்கத்தில் புருஷன் ஞானமுத்து வெள்ளைச் சட்டையில் புதுமாப்பிள்ளை கணக்காக இருக்கிறான், அவன் முகத்தைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருக்கிறது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அவர்களுடைய காலனியில், ஓடு போட்ட சின்ன ஜெபக்கூடம் ஒன்று இருந்தது, ஒரு ஐப்பசி மழையில் அது அப்படியே உட்கார்ந்துபோயிற்று, அப்போது பெரிய ஆலயத்துக் குருவானவர் காலனிக்கே வந்து, சேற்றில் நின்று, இனி அந்தத் தெரு இந்தத் தெரு கிடையாது, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒரே சபை, நீங்க எல்லாரும் அங்க வந்துடணும் என்றார், பொய் இல்லை, அந்த மனுஷன் நிஜமாகவே அழுதார், காலனியில் யாரும் நம்பவில்லை, ஞானமுத்து ஒருத்தன்தான் நம்பினான், அவன் தம்பி எலியா வாசலை மறித்துக்கொண்டு, போண்ணே, போ, ஆனா ஒருநாளும் ஒன்ன அவங்கள்ள ஒருத்தனா நெனைக்க மாட்டாவ, போனா எங்க வாசல மிதிக்காத என்றான், அன்றைக்கு அறுந்த பேச்சு, அவர்கள் அம்மா இறந்தபோதுகூட அண்ணனும் தம்பியும் பெட்டியின் இரண்டு பக்கம் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், லேயாளால் அதை மறக்க முடியவில்லை.

இங்கே யாரும் அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை, அதையும் சொல்ல வேண்டும், சமூக நீதி ஞாயிறு என்று பேனர் கட்டி அவளைத்தான் வேதபாடம் வாசிக்க வைத்தார்கள், தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடத்தான் செய்தார்கள், ஆனால் அசனத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெண்களெல்லாம் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து மூட்டை மூட்டையாகச் சின்ன உள்ளி, குழம்புக்கான சின்ன வெங்காயம், உரிப்பார்கள், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிய, மாமியாரைத் திட்டிக்கொண்டும் மருமகளைக் கேலி பண்ணிக்கொண்டும் உரிப்பார்கள், அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் போனாலே பெண்கள் சங்கத் தலைவி மதுரம் டீச்சர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார், நீ எதுக்கு லேயா, நீ எங்க விருந்தாளில்லா, விருந்தாளிய வேல வாங்குனா ஆண்டவர் எங்களக் கேப்பாரு, போயி ஃபேனுக்குக் கீழ உக்காரு. முதல் வருஷம் அது இனித்தது. அப்புறம் இனிக்கவில்லை, எந்த வீட்டில்தான் ஒருத்தி வருஷக்கணக்காக விருந்தாளியாகவே இருப்பாள், முன்வரிசை யாருக்கு வேண்டும், அந்த மரத்தடியில் ஒரு சாக்குத்துண்டு அகலத்துக்கு இடம், தன் கை பட்ட உள்ளி எல்லார் வயிற்றுக்குள்ளும் போகவேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

நேற்றுச் சாயங்காலம் அவள் யாரையும் கேட்கவில்லை, வீட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு போய் வட்டத்தில் உட்கார்ந்துவிட்டாள், பேச்சு ஒரு நிமிஷம் நின்றது, பிறகு பழையபடி ஓடியது, எல்லாரும் உரித்ததை நடுவிலிருந்த அண்டாவில் போட, டீச்சர் சிரித்த முகமாக அரிசி புடைக்கிற சுளகு ஒன்றைக் கொண்டுவந்து, நீ இதுல போடு லேயா, ஒனக்கு எட்டிக் குனிய வேண்டாம்லா என்றார், அவளுக்கு உறைக்கவில்லை, அத்தனை சந்தோஷத்தில் எதுதான் உறைக்கும், லேயாக்கா உரிக்க வேகத்துக்கு நாளைக்கு ரெண்டு கொழம்பு வைக்கலாம் போலயே என்று யாரோ சொல்ல வட்டமே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள், வீட்டுக்கு வந்தும் கையைக் கழுவவில்லை, ஞானமுத்து அந்தக் கையை எடுத்து முகர்ந்து, நாறுதேட்டி என்றான், என்றவன் கையை விடவில்லை, இனி நாம விருந்தாளி இல்ல, வீட்டாளு என்றான். விடிந்ததும் எழுந்துபோய்த் தம்பி வாசலில் நின்றிருக்கிறான், வாலே, ஒம் மதினி உரிச்ச உள்ளிதாம்லே இன்னைக்கு ஊருக்கே கொழம்பு, வந்து ஒரு வாய் தின்னுட்டுப் போ என்றிருக்கிறான், அந்த எலியாவும் வந்துவிட்டான்.

காலையில் கால் கழுவலாம் என்று சமையல் கொட்டகைக்குப் பின்னால் குழாயடிக்குப் போனாள், காக்கைகள் ஒரே கூச்சல், ஆட்டுக்குடலும் எலும்பும் கொட்டுகிற குழியில் வெள்ளை வெளேரென்று உள்ளி கிடந்தது, அவள் உரித்தது அத்தனையும், பக்கத்திலேயே அந்தச் சுளகும் கவிழ்ந்து கிடந்தது, பின்னால் வந்த மதுரம் டீச்சர் ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு அவள் தோளில் கை போட்டார், அது மண்ணு பட்டுட்டு லேயா, அதான், மனசுல ஒண்ணும் வச்சுக்காத, வா, மொதப் பந்தியில ஒனக்குத்தான் எடம் போட்டிருக்கு என்றார், அந்தக் கை ஆதரவாகத்தான் இருந்தது, லேயாளுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது, இத்தனை வருஷமும் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

குழம்பு வாசனை பந்தலை நிறைக்கிறது, குருவானவர் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிற நாம் என்று மைக்கில் ஜெபம் பண்ணி முடிக்கிறார், ஆமென் என்கிறார்கள், ஞானமுத்து தன் இலையிலிருந்து வெந்து குழைந்த உள்ளி ஒன்றை எடுத்துத் தம்பிக்குக் காட்டுகிறான், பாத்தியாலே, ஒம் மதினி உரிச்சது, அன்னைக்கு என்னமோ சொன்னியே. எலியா சிரிக்கவில்லை, அண்ணனைத் தாண்டி எட்டி அவளையே பார்க்கிறான், சிவந்த கண்ணையும் பார்க்கிறான், நெசமாவா மதினி, இதுல நீங்க உரிச்சது கெடக்கா. ஒரு சொல் சொன்னால் போதும், எலியா ஜெயித்துவிடுவான், ஞானமுத்து இந்த இலையை விட்டு எழுந்திருப்பான், எழுந்து எங்கே போவான், எந்தச் சபை மிச்சம் இருக்கிறது அவனுக்கு, கையிலிருந்த உள்ளியை அவன் அவள் இலையில் வைக்கிறான், தின்னுட்டி என்கிறான். அவள் அதை வாயில் போட்டு மென்று விழுங்குகிறாள். ஆமா தம்பி, நான் உரிச்சதுதான், சாப்பிடுங்க, என்கிறாள்.