வேலாஞ்சாளையின் முதற்காப்பு

சோமனூருக்குத் தெற்கே இருக்கும் வேலாஞ்சாளையின் பெயர் எந்த ஊராட்சியின் பலகையிலும் இல்லை. இரண்டு ஊராட்சிகளின் எல்லைக்கு நடுவே விடுபட்டுப்போன ஒன்பது வீடுகள்தாம் அந்த ஊர். கிளுவை வேலிகளுக்கு இடையே செல்லும் இட்டேரி ஒன்றே அவற்றுக்கு வழி. அதன் இருபுறமும் நிலம் வாங்கிய தம்பிதுரை, வழியும் தமக்கே உரியது என்றும், பொங்கல் கழிந்ததும் கம்பிவேலி போட்டு அடைக்கப்போவதாகவும் சொல்லியிருந்தார்.

அந்த மார்கழியில்தான் சைத்ரா வந்தாள். பலகையில்லாத ஊர்களின் வரலாற்றை எழுதுவதாகச் சொன்னாள். கோயிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாள். மற்றவை எல்லாம் இட்டேரியைப் பற்றியவை.

"இட்டேரியப் பாக்கறதுக்கா கோயமுத்தூர்ல இருந்து பஸ் ஏறி வந்தா? அந்தத் தம்பிதுரை அனுப்புன ஆளுங்க அத்தை," என்று மாமியாரிடம் சொன்னாள் மோகனப்பிரியா.

மாமியார் மாசாணியம்மாள் உடனே ஒப்பவில்லை. ஒரு சொல்லைக் கொடுத்து, அது தம்பிதுரையிடம் போகிறதா என்று சோதித்துப் பார்க்க எண்ணினார். பொங்கல் காப்பு எங்கெல்லாம் கட்டுவீர்கள் என்று சைத்ரா மறுமுறை வந்து கேட்டபோது, "ஊட்டுக்கும் மாட்டுப்பட்டிக்கும் மட்டுந்தான் கண்ணு. இட்டேரில கட்டற பழக்கமே இல்ல," என்றார்.

அது பொய். மார்கழிக் கடைசியில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டும் காப்பு, ஊரார் தமக்கு உரியதாகக் கொள்ளும் இடமெங்கும் ஏறும். இட்டேரி முகப்பில் நிற்கும் வெள்வேல மரத்துக்கே முதற்காப்பு. பொய் வெளிப்படாதிருக்க, அங்கே காய்ந்து தொங்கிய சென்ற ஆண்டுக் காப்பை மோகனப்பிரியா அன்றே அறுத்து அடுப்பில் போட்டாள்.

இரண்டொரு நாளில் தம்பிதுரை புல்லட்டில் வந்து நின்றார்.

"ஏனுங்கக்கா, இட்டேரில காப்புக் கட்டற பழக்கமே இல்லையாமா? அப்புறம் எப்படீங்க அது ஊரு வழி?"

ஐயம் உறுதியாயிற்று. ஆனால், உளவைப் பிடிக்கச் சொன்ன பொய் இப்போது தம்பிதுரைக்கே சாட்சியாகிவிட்டது.

காப்பு நாளன்று மாசாணியம்மாள் காப்புடன் இட்டேரி முகப்புக்குச் சென்றார். வேலிக்கற்களை முன்கூட்டியே இறக்கிவிட்டு அங்கே தம்பிதுரை நின்றிருந்தார். சைத்ராவும் இருந்தாள்.

"புதுசா சோடிக்கிறீங்களா?" என்று சிரித்தார் தம்பிதுரை.

மாசாணியம்மாள் மரத்தில் வழக்கமான உயரத்தில் கையை வைத்தார். படமெடுக்க நெருங்கிய சைத்ரா, போனைத் தாழ்த்திப் பட்டையை விரலால் தடவினாள். மரம் பருக்கப் பருக்க விழுங்கிய கட்டுகள் பள்ளத்துக்குள் தெரிந்தன: வெளியே தறி நூல், அதற்கும் உள்ளே, தறி நூல் வருவதற்கு முன் கட்டிய, கருத்துப்போன கற்றாழை நார்.

"இது உங்கப்பா காலத்துக்கும் முந்துன நாருங்களே," என்று தம்பிதுரையைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் குனிந்து பார்த்தார்; சிரிப்பு நின்றது. கற்களை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"நாஞ்சொன்னத அவருகிட்ட ஏஞ்சொன்னே அம்மணி?" என்று கேட்டார் மாசாணியம்மாள்.

"நெசமான்னு கேட்டேனுங்க. ரெண்டு பக்கமும் கேட்டாத்தானுங்க எழுத முடியும்."

"இப்ப எடுத்த படம்?"

"ரெண்டு பேருக்கும் தருவேனுங்க."

அந்தப் பதில் மாசாணியம்மாளுக்குப் பிடிக்கவில்லை. சைத்ராவுக்குக் காபி கொடுத்தார்கள். பேருந்து வரும் வரை வானிலையைப் பற்றிப் பேசினார்கள். ஊரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.