மூன்றிலிருந்து நான்கு

ஐந்து சிலிண்டர்கள் தங்கள் மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டன. ஆறாவதுதான் பாக்கி. அவர் ஆறாவது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓட்டை போட்ட அட்டையில் மற்ற ஐந்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தார். கை நடுங்கவில்லை. நடுங்கினால்கூடத் தேவலை என்று ஒரு நினைப்பு வந்து போனது. இருபத்திரண்டு நாளாக அவருக்கு எதுவும் ஆகவில்லை. பசித்தது, சாப்பிட்டார். தூக்கம் வந்தது, தூங்கினார். மனைவி செத்துப்போனாள், வேலைக்கு வந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசலில் நின்று, "மனுஷன் கல்லு மாதிரி தாங்குறாரு" என்று பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்தது. தாங்குவதற்கு மேலே ஏதாவது கனம் இருக்க வேண்டாமா? அவருக்கு எந்தக் கனமும் தெரியவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பட்டறையில் அவருக்கு ஸ்டெத்து என்று பெயர். ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை என்ஜின் மேல் அங்கங்கே வைத்துக் கேட்டு, நோவு எங்கே என்று சொல்லிவிடுவார். பெயர் வைத்தவன் மச்சினன், மனைவியின் தம்பி. பட்டறைக்கு முதலாளியும் அவனே. முதலாளி என்றால் பெயர்ப்பலகை அவனுடையது, வாயும் அவனுடையது. கை மட்டும் இவருடையது. "எங்க மாமா கைக்குத் தப்பு வராது" என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவனே அதை நம்பிவிட்டான்.

அந்தக் கைக்குத்தான் நேற்று தப்பு வந்துவிட்டது.

வண்டி ஒரு பல் டாக்டர் அம்மாவுடையது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் கரும்பச்சை ஸ்போர்ட்ஸ் கார். ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கைக்கு. கிளட்ச் மாற்ற வந்தது, மாற்றியாயிற்று. புதுக் கிளட்ச் வழுக்குகிறதா என்று தெரிய வேண்டுமானால், மூன்றாவது கியரில் நன்றாக மிதித்து, என்ஜின் சுற்றைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கும்போது நான்காவதுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்றிலிருந்து நான்கு என்பது நேராகப் பின்னால் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால் கொண்டுபோனால் குச்சி தானாகவே போய் விழும். தன் உடம்புப் பக்கம் சாய்த்து இழுத்தால் நான்கு வராது, இரண்டு வரும். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் செய்யும் தப்பு. முப்பது வருஷத்தில் அவர் செய்யாத தப்பு.

ஊருக்கு வெளியே நேர்ச்சாலை. முள் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது அவர் சட்டைப் பையில் போன் அலாரம் அடித்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடிக்கும்படி பதினான்கு மாதத்துக்கு முன்னால் வைத்த அலாரம். கை காலும் பேச்சும் ஒரே நாளில் விழுந்துபோன மனைவியைப் படுக்கையில் புரட்டிப் போடுவதற்காக வைத்தது. புரட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். வேலை முடிந்துவிட்டது என்று அலாரத்துக்கு யார் சொல்வது? அவர் சொல்லவில்லை. அடிக்கும்போதெல்லாம் நிறுத்துவார். அடுத்த தடவைக்கு அது காத்திருக்கும். நேற்றும் அடித்தது, அவர் கை இழுத்தது, குச்சி இரண்டாவதில் விழுந்தது.

காலால் எவ்வளவு மிதித்தாலும் ஓர் அளவுக்கு மேல் என்ஜினை ஓடவிடாமல் பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு கம்ப்யூட்டர் காவல் இருக்கிறது. ஆனால் சின்ன கியரில் போட்டுச் சக்கரமே என்ஜினைப் பிடித்துச் சுற்றினால் காவல்காரன் என்ன செய்வான், பாவம்? நிமிஷத்துக்கு ஏழாயிரத்து எண்ணூறு சுற்றைத் தாண்டக் கூடாத என்ஜின் ஒன்பதாயிரத்து அறுநூறைத் தொட்டது. அரை வினாடி. அதற்குள் கிளட்சை மிதித்துவிட்டார். ஆனால் அந்த அரை வினாடி அது போட்ட சத்தம் அவர் ஆயுளில் கேட்டிராதது. அவருக்குப் பயம் வந்தது. அசல் பயம். என்ஜினை நிறுத்தி ஓரமாக உருட்டிக்கொண்டுபோய் நிறுத்திய பிறகு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நெஞ்சுக்குள் என்னமோ அடித்துக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளில் முதன்முதலாக ஏதோ ஒன்று உள்ளே வந்திருந்தது. அது போய்விடக் கூடாதே என்று இருந்தது. இன்னொருத்தர் வண்டியைப் பாழாக்கிவிட்டு இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஐந்து நிமிஷத்தில் பயம், வெட்கம் இரண்டுமே வடிந்துவிட்டன. மறுபடி ஸ்டார்ட் செய்யவில்லை. உள்ளே ஏதாவது உடைந்திருந்தால் அதை இன்னும் உடைப்பானேன்? மச்சினனைக் கூப்பிட்டுக் கட்டி இழுத்து வரச் சொன்னார்.

வந்ததும் கம்ப்யூட்டரில் ஒயரை மாட்டிப் பார்த்தார்கள். அது பொய் சொல்லத் தெரியாத ஜாதி. அளவுக்கு மீறிச் சுற்றியது இதுவரை ஒரே ஒரு தடவை, என்ஜின் ஓடிய மணி 611.4-இல் என்று காட்டியது. வண்டி பட்டறைக்கு வந்த அன்று அவர் கையாலேயே தாளில் எழுதியது 611.1. மச்சினன் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா, இதுல மணிக்கணக்குதான் இருக்கு. ஆள் பேரு இல்ல."

"தாள்ல இருக்கே மாப்ள."

"தாள்ல இருக்கிறது ஒரு ஒண்ணு. ஒண்ண நாலாக்க ஒரு கோடு போதும், வண்டி இங்க வர்றதுக்கு முன்னாடியே ஆனதா ஆயிடும்." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "யானைக்கும் அடி சறுக்கும், ஒத்துக்கிறேன். ஆனா யானை சறுக்கினதை யானையே ஊரு பூரா போய்ச் சொல்லுமா? ஸ்டெத்து கியரைத் தப்பாப் போட்டுட்டாருன்னு வெளிய போச்சுன்னா, அப்புறம் உங்ககிட்ட எவன் சாவியக் குடுப்பான்? அந்த வேலையும் இல்லாட்டி நீங்க நாள் பூரா வீட்ல உட்கார்ந்து என்ன பண்ணுவீங்க?"

கடைசிக் கேள்வியில்தான் அவன் உண்மையில் பயந்திருந்தான் என்பது அவருக்குத் தெரிந்தது. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், சுவரில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில் இன்னும் அப்படியே கிடக்கிறது. காலையில் எழுந்து இந்தப் பக்கம் வந்துவிடலாம் என்பதால்தான் அவர் எழுந்திருக்கிறார். இதுவும் போனால் எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது தெரிந்தும் அவருக்குப் பதைக்கவில்லை. "நாளைக்கு எல்லாத்தையும் பார்த்துட்டு டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம்" என்றார். மச்சினன் அதைத் தனக்கு வசதியான அர்த்தத்தில் எடுத்துக்கொண்டான்.

இன்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆயிலை வடித்துக் காந்தத்தால் துழாவினார், ஒன்றும் ஒட்டவில்லை. பழைய ஃபில்டரை அறுத்து, காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். மினுக்கும் பொடி ஏதும் இல்லை. பிறகு ஒவ்வொரு சிலிண்டராக, வால்வுகளெல்லாம் மூடியிருக்கும் நிலையில் நிறுத்தி, உள்ளே காற்றை அடைத்து, எவ்வளவு கசிகிறது என்று அளந்தார். நூற்றுக்கு நாலு, ஐந்து, நாலு, நாலு, ஐந்து. எல்லாம் உத்தம பத்தினிகள்.

ஆறாவதில் முள் பதினான்கில் போய் நின்றது.

அவர் குழாயை எடுத்தார். ஆயில் ஊற்றும் வாயில் வைத்துக் கேட்டார், அங்கே சத்தமில்லை. காற்று உள்ளே வரும் பக்கம் கேட்டார், அங்கேயும் இல்லை. வண்டிக்குப் பின்னால் போய் மண்டியிட்டு, புகைக்குழாயில் வைத்தார். மெலிதாக, விட்டுவிடாமல், யாரோ உதட்டைக் குவித்து ஊதுவதுபோல் ஒரு சத்தம். புகை வெளியேறும் வால்வு சரியாக உட்காரவில்லை. அரை வினாடி அலறலில் வால்வின் ஸ்பிரிங்கால் ஈடு கொடுக்க முடியாமல், வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து அதைத் தட்டியிருக்க வேண்டும். கண்ணால் பார்த்துவிட்டால் நிச்சயமாகிவிடும். பென்சில் தடிமனுக்கு ஒரு கேமரா, நுனியில் சின்ன விளக்கு. அதை பிளக் இருந்த ஓட்டை வழியாக இறக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"சாயங்காலம் வரச் சொன்னீங்க. ஒரு பேஷண்ட் வரல, அதான் இப்பவே வந்துட்டேன்" என்றார் பல் டாக்டர். ஐம்பதைத் தாண்டிய, எதையும் குனிந்து பார்த்தே பழகிய முதுகு. வணக்கம் சொல்வதற்கு முன்பே திரையைப் பார்த்துவிட்டார். "இது என்ன, நம்ம கேமரா மாதிரியே இருக்கு?"

"உள்ள பார்க்கிறதுக்குங்க" என்றார் அவர்.

"நானும் உள்ள பார்க்கிறவதான். தள்ளுங்க, பார்ப்போம்."

திரையில் பிஸ்டனின் தலை தெரிந்தது. கரி படிந்த கறுப்பு வட்டம். அதன் ஓரத்தில், கரியைச் சுரண்டிவிட்டு, பிறைபோல் ஒரு வெள்ளைக் கீறல். கட்டைவிரல் நகத்தை அழுத்தி எடுத்தாற்போல் அத்தனை சுத்தமாக இருந்தது. டாக்டர் விரலை நேராக அங்கே கொண்டுபோய் வைத்தார். "இதுதானே?"

"அதுதான். என்ஜினோட தலையைக் கழட்டினாத்தான் மத்தது தெரியும். ஒரு வால்வோட போகலாம். அடியில இன்னும் ஏதாவது ஆகியிருக்கலாம். இப்ப சொல்ல முடியாதுங்க."

"எதனால இப்படி?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் தாள் செருகிய அட்டையோடு வந்து நின்றான். ஓடுகிற ஓட்டத்தில் கியர் தப்பாக விழுந்தால் இப்படி ஆகும் என்றும், எப்போது ஆனது என்று வண்டியே குறித்து வைத்துக்கொள்ளும், இதில் அது 611.4-ஆவது மணி என்றும் விளக்கினான். யார் என்று அவன் சொல்லவில்லை. அட்டையை மட்டும் டாக்டர் கையில் கொடுத்தான். தாளில், வண்டி வந்த அன்றைய கணக்காக, 611.4 என்று இருந்தது. கோடு போட்டாகிவிட்டது. மை இன்னும் புதிதாகப் பளபளத்ததை அவர் கண் பார்த்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இவ்வளவு சின்னக் கோடு போதுமா என்று ஆச்சரியமாக இருந்தது.

டாக்டர் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். முகம் மெல்ல வெளுத்தது.

"அப்போ கொண்டு வர்றப்ப நான்தானா? பாலத்துக்கிட்ட ஒரு தடவை கியர் இடிச்சுச்சு. ஒரு சத்தம்கூட... நான் பெருசா எடுத்துக்கல." வண்டியின் கூரைமேல் கையை வைத்துக்கொண்டார். "பத்து வருஷமா ஓட்டுறேன். வயசாகுது இல்ல? போன மாசம் ஒரு பல்ல எடுக்கிறப்பவும் கை லேசா... இனிமே ஓட்டவே கூடாதோ என்னமோ."

மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்மணி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ தன் கையே இல்லாததுபோல். அதைப் பார்த்தபோது ஸ்டெத்துக்கு இரக்கம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. குற்ற உணர்ச்சிகூட வரவில்லை. ஆனால் நல்ல கையைக் கெட்ட கை என்று நம்பிக்கொண்டு ஒருத்தர் வீட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. கெட்டுப்போனது எது என்று சொல்வதுதானே அவர் தொழில்?

"டாக்டர், அது நாலு இல்ல" என்றார். "ஒண்ணு."

"புரியலயே."

"நீங்க கொண்டாந்து விட்டப்ப 611.1. அது என் கையெழுத்து. மேல இருக்கிற கோடு என்னுது இல்ல. தப்பு நேத்து நடந்தது. ஓட்டினது நான்."

மச்சினன் "மாமா" என்றான்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபம் பிறகு வரலாம். இப்போது நம்ப முடியாமல்தான் பார்த்தார். "நீங்களா? உங்க கைக்குத் தப்பே வராதுன்னு இவர் சொல்லித்தானே நான் இங்க வந்தேன்? எப்படிங்க?"

எப்படி என்று வாயால் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. வலது கையை முன்னால் நீட்டினார். "மூணுலேருந்து நாலுக்கு இப்படிப் போகணும்" என்று காற்றில் நேராகப் பின்னால் இழுத்துக் காட்டினார். "நான் இப்படி இழுத்துட்டேன்."

கை எட்டிப் போயிற்று. எதையோ தாண்டி அந்தப் பக்கமாக வளைந்து, விரல்கள் ஐந்தும் விரிந்து, உருண்டையான ஒன்றைப் பதமாகப் பற்றி, வலிக்கப்போகிறதே என்பதுபோல் மெதுவாக, தன் நெஞ்சை நோக்கி இழுத்தது. கியர் குச்சியைப் பிடிக்கிற கை இல்லை அது. பாதி வழியில் அவருக்கே தெரிந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரே நின்ற மச்சினனைப் பார்த்தார். பதினான்கு மாதம், அலாரம் அடிக்கும்போதெல்லாம் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றவன் அவன். மாமா அக்காவின் தோளைப் பிடித்து இழுத்ததும், காலியாகும் இடத்தில் தலையணையைச் செருகுவது அவன் வேலை. அவன் இடது கையில் எண்ணெய்த் துணி ஒன்று மடித்தபடி இருந்தது. அந்தக் கை அவனைக் கேட்காமலே முன்னால் வந்து, ஒன்றுமில்லாத இடத்தில், துணியை மெல்ல உள்ளே தள்ளியது.

இரண்டு கைகளும் அப்படியே நின்றன. நடுவில், ஆறாவது சிலிண்டருக்குள், கேமராவின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.