ஷூவுக்கு வெளியே ஒரு குதிகால்

நாடகக் குழுவில் அவருக்குத் தூணார் என்று பெயர். வைத்தவர் இயக்குநர். ஆசையாக வைத்த பெயரல்ல.

புது நாடகத்தில் ராஜா விருந்தில் விஷம் குடித்துச் சாகிறார். அவசரப்படாமல் சாகிறார். விருந்து தொடங்கியதிலிருந்து அவர் உயிர் போகும்வரை ஓரமாகத் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும் வேலைக்காரன்தான் தூணார். வசனம் கிடையாது. இதற்கு முன்பும் படைவீரர்களின் பின்வரிசை, இழவு வீட்டுக் கூட்டம் என்று நின்றே காலம் தள்ளியவர். அவருடைய மனைவி எல்லா நாடகத்துக்கும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பாள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில், "நீங்க எப்பங்க வந்தீங்க?" என்று கேட்பாள். குத்தல் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்பாள். அதுதான் அவருக்கு வலித்தது.

ஒத்திகையில் இயக்குநர் பொறுமை இழந்தார்.

"தட்டைப் பிடிச்சிட்டு நிக்க ஆள் எதுக்கு? ஒரு முக்காலி போதும். அது டீயும் கேக்காது. முதல் நாள் நீ நில்லு. வித்தியாசம் தெரியலன்னா, மறுநாள்லேருந்து முக்காலிதான்."

சும்மா மிரட்டுகிறார் என்று நினைத்தால், அன்றே தங்க நிறம் பூசிய முக்காலி ஒன்று மேடையோரம் வந்து உட்கார்ந்தது. தூணார் அதைச் சுற்றி வந்து பார்த்தார். நன்றாகத்தான் நின்றது.

ஒத்திகை இடைவேளையில் மழை பிடித்துக்கொள்ள, அவர் எதிரிலிருந்த அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினார். அங்கே சுவர் முழுக்க ஒரு விருந்து ஓவியம். பிரபுக்கள் தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் கூஜாவோடு ஒரு வேலைக்காரன். முகத்தில் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு குதிகால் மட்டும் ஷூவைவிட்டு வெளியே வந்திருந்தது. ஷூ கடிக்கிறது! விருந்து எப்போது முடியும், இதை எப்போது கழற்றி எறியலாம் என்பதைத் தவிர அந்த ஆளுக்கு உலகத்தில் வேறு கவலை இல்லை.

தூணார் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இத்தனை வருஷமும் அவர் எதுவுமே வேண்டாதவராக மேடையில் நின்றிருக்கிறார். எதுவும் வேண்டாதவனை எவன் பார்ப்பான்?

அன்றிலிருந்து தினமும் ஓவியத்துக்கு முன்னால் போய் நின்று பழகினார். காவலாளி கவலையோடு வந்தார்.

"என்ன சார் வேணும்?"

"நிக்கணும்."

"நில்லுங்க. அதுக்குத் தடை இல்ல."

நின்றவரிடம் ஒரு அம்மாள் வந்து கழிவறைக்கு வழி கேட்டாள். தூணார் கை காட்டினார். தன்னை ஒருத்தி பார்த்துவிட்டாள் என்ற சந்தோஷம் வீடு வரைக்கும் தாங்கியது.

உடையும் ஷூவும் அரங்கேற்றத்தன்றுதான் கைக்கு வரும். அதனால் ஒத்திகையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை; அவரும் குதிகால் விஷயத்தை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அரங்கேற்றம் வந்தது. ராஜா கோப்பையைக் காலி செய்து நெஞ்சைப் பிடித்தார். தூணார் முகம் மாறாமல் வலது குதிகாலை மெல்ல வெளியே எடுத்தார். முன்வரிசையில் யாரோ "ச்சு" கொட்டினார்கள். ராஜா தள்ளாடினார், புரண்டார், நாட்டை மகனிடம் ஒப்படைத்தார். குதிகால் உள்ளே போக முயன்றது, முடியாமல் திரும்பியது. அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ராஜாவின் தலை சாய்ந்ததும் தூணார் பல்லைக் கடித்துக் காலை ஷூவுக்குள் நுழைத்தார். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

ஒப்பனை அறைக்கு முதலில் ஓடிவந்தது மனைவி. வந்ததும் வராததுமாகக் கீழே உட்கார்ந்து அவர் ஷூவைக் கழற்றினாள். கையில் பிளாஸ்திரி.

"கடிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? ராஜா செத்தாரா பொழைச்சாரான்னே எனக்குத் தெரியாது. உங்க காலையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புண்ணே இல்லையே?"

"நடிப்பும்மா" என்றார் தூணார். கண் கலங்கிவிட்டது. அவள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

அதற்குள் ராஜா கிரீடத்தோடு உள்ளே வந்தார். பின்னால் இயக்குநர்.

"உயிர் போறப்ப ஒரு கண்ணைத் தொறந்து பாத்தேன் சார். ஒருத்தன்கூட என்னைப் பாக்கல!"

இயக்குநர் தூணாரிடம் திரும்பினார்.

"நாளைக்கு ஒழுங்கா ரெண்டு காலையும் ஷூவுக்குள்ள வச்சிட்டு நிக்கணும். இல்லன்னா முக்காலி."

தூணார் வாய் திறப்பதற்குள் மனைவி பிளாஸ்திரியைப் பிரித்தாள். கீறல்கூட இல்லாத குதிகாலில் அதை அழுத்தி ஒட்டினாள்.

"ஷூவ முழுசாப் போட முடியாதுங்க சார். பெரிய புண்ணு."

இயக்குநர் பிளாஸ்திரியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மனைவிமாரோடு வாதாடித் தோற்றுப் பழக்கமுள்ளவர்.

"சரி. ஆறுற வரைக்கும்."

தினமும் சாயங்காலம் அவளே வந்து புது பிளாஸ்திரி ஒட்டிவிட்டு முன்வரிசைக்குப் போனாள். நாடகம் ஓடி முடியும்வரை அந்தப் புண் ஆறவில்லை.