சத்தமில்லாப் படிக்கட்டு

"மறுபடியும் மேல போ."

செருப்புக் கடைக்காரர் கண்ணை மூடியபடியே சொன்னார். காலை நேரம், கடை இன்னும் திறக்கவில்லை. வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து செருப்பைப் போட்டுப் பார்க்கும் பெஞ்சில், மாடிப்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய மரப்படிக்கட்டு. அதில்தான் அவருடைய மகள் விடிந்ததிலிருந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்தப் படி தானாவே கிறீச்சுங்குது. நான் என்ன பண்றது?"

"உங்கம்மா இறங்கினா கிறீச்சுங்குதா? படி மேல பழியப் போடாத. ஏறு மேல."

பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் அவளுக்கு டமாரம் என்று பெயர். அவள் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும்; மாடியில் ஓடினால் கீழே அடுக்கிய அட்டைப்பெட்டிகள் அதிரும். சின்னப் பிள்ளையாக இருந்தவரை எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பெண் வளர்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பெண் பிள்ளை வளர்ந்தால் இந்த வீடுகளில் முதலில் நிற்பது அதுதான்.

வெள்ளிக்கிழமை மதில் பள்ளியில் அட்மிஷன். அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

மதில் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெண்களுக்கான தனியார் உயர்நிலைப் பள்ளி. சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் மதில், அதன் மேல் கண்ணாடிச் சில்லு. காசும் ஜம்பமும் உள்ள குடும்பங்கள் அங்கே பெண்ணைச் சேர்க்க நான் முந்தி நீ முந்தி என்று நிற்கும். உள்ளே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் சட்டென்று பதில் வராது. அறிவியல் அறை என்று ஒன்று உண்டு. அதில் ஒரே ஒரு மைக்ராஸ்கோப், கண்ணாடி அலமாரிக்குள். பிள்ளைகள் உடைத்துவிடக் கூடாதே என்று பூட்டி வைத்தார்கள். சாவி எங்கே என்று தேடிய டீச்சரும் ரிட்டையராகிப் போய்விட்டாள்.

ஆனால் அந்தப் பள்ளியின் படிக்கட்டு ஊரறிந்தது. அகலமான மரப்படிக்கட்டு. கீழே பெரிய டீச்சர் முதுகைக் காட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், கையில் சின்ன வெண்கல மணி. மேலிருந்து பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்க வேண்டும். காலடி கேட்டால் மணி அடிக்கும். திரும்ப மேலே போக வேண்டும். தினமும் இது ஒரு பாடம். வருஷ முடிவில் இதற்கென்று ஒரு வெள்ளிக் கோப்பை. அட்மிஷனுக்கும் இதுதான் பரீட்சை. மூன்று வாய்ப்பு. கணக்குத் தெரியாத பெண் அந்தப் பள்ளியில் சேரலாம், காலடி கேட்கிற பெண் சேர முடியாது. அடேயப்பா, என்ன ஒரு கல்வி!

கடைக்காரரின் மனைவி அந்தப் பள்ளியில் படித்தவள்தான். கோப்பை வாங்கினவள். பெண் பார்க்கப் போனபோது அந்தக் கோப்பையைத்தான் முதலில் கொண்டுவந்து வைத்தார்கள். அதைப் பார்த்தே அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. பெண்ணை அப்புறம்தான் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுகிறார்.

"எங்க வீட்டுப் பூனை வீட்டுல இருக்காளா இல்லையான்னு எனக்கே தெரியாது சார். பின்னாடி வந்து காபி டம்ளர வெச்சுட்டுப் போயிருப்பா. டம்ளரப் பாத்துதான் வந்தான்னு தெரிஞ்சுக்குவேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வார். பெண்டாட்டி இருப்பது தெரியாமல் இருப்பது ஒரு மனிதனுக்குப் பெருமையாம்.

டமாரத்துக்கு மூன்று வயதானபோது அம்மா மறுபடி உண்டாகியிருந்தாள். ஒரு மத்தியானம், மேலே குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கீழே கடையில் புருஷன் இருந்தார். படிக்கட்டுக் கதவு திறந்தே இருந்தது. ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பார், அந்த அளவுக்கு மோசமானவர் இல்லை. அவள் போடவில்லை. சாப்பிட மேலே போனவர்தான் ரத்தத்தைப் பார்த்தார். "கீழதானே இருந்தாரு, ஏம்மா கூப்பிடல?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டாள். வாயைத் திறந்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம். சத்தம் வரவில்லை.

குழந்தை போனதற்கு அவரும் அழுதார். பொய் சொல்லக் கூடாது. ஆனால் கொஞ்ச காலம் போனதும், "அப்பேர்ப்பட்ட வலியிலயும் ஒரு சத்தம் போடல பாருங்க எங்க பூனை. வளர்ப்பு அப்படி" என்று விருந்தாளிகளிடம் சொல்லத் தொடங்கினார். தூ! அப்போதெல்லாம் அவள் பலகாரத் தட்டை வைத்துவிட்டு, வந்தது தெரியாமல் உள்ளே போய்விடுவாள்.

மதில் பள்ளிப் பேச்சில் டமாரம் வாயே திறக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவள் முதல் நாளே கத்திவிட்டாள்.

"எனக்கு மதில் பள்ளி வேணாம். நான் மில் தெரு ஸ்கூலுக்குப் போறேன்."

மில் தெருவில் இருப்பதும் தனியார் பெண்கள் பள்ளிதான். பழைய நூல் மில் கட்டடத்தில் நடக்கிறது. போன மாதம் பெற்றோர் பார்வையிடும் நாளில், துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அம்மா அவளை அங்கே கூட்டிப் போயிருந்தாள். அங்கே சோதனைச் சாலையில் ஒரு டீச்சர் டமாரத்தின் கையில் இடுக்கியைக் கொடுத்து மெக்னீசியம் நாடாவைக் கொளுத்தச் சொன்னாள். பளீரென்று வெள்ளை வெளிச்சம். சட்டைக் கையில் ஒரு பொத்தல் விழுந்தது. அந்தப் பொத்தலைத் தைக்க விடாமல் வைத்துக்கொண்டிருந்தாள் டமாரம். தினமும் விரலை விட்டுப் பார்த்துக்கொள்வாள்.

அம்மா பார்த்தது வேறு. மணி அடித்ததும் மாடியிலிருந்து நூற்றுக்கணக்கான பெண்கள் தடதடவென்று இறங்கினார்கள். சிரிப்பும் கூச்சலும் கால் சத்தமுமாகக் கட்டடமே ஆடியது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கடைசிப் பெண் இறங்கிப் போன பிறகும் நகரவில்லை. "என்னம்மா அழற?" என்று டமாரம் கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, "மில் தெரு ஸ்கூல் நல்லாயிருக்குங்க" என்று சொன்னாள். அவர் காதில் விழவில்லை. அவள் சொல்லி எதுவும் அந்தக் காதில் விழுந்து பழக்கமில்லை.

விழுந்தது அக்காவின் குரல்தான். கடைக்காரருடைய அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தாள். அந்த வீட்டு விஷயங்களெல்லாம் அங்கேதான் முடிவாகும். ஞாயிற்றுக்கிழமை தோல் வியாபாரியைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டாள். கடைக்குத் தோல் சப்ளை செய்கிறவர். பதினேழு வயதில் ஒரு பையன், அவனுக்குக் கீழே ஒரு பெண். அந்தப் பெண்ணையும் மதில் பள்ளியில்தான் சேர்க்கப் போகிறாராம்.

"இவங்க வீட்டம்மாவுக்கு வர்ற மருமக மதில் பள்ளியில படிச்சவளா இருக்கணுமாம் தம்பி. இப்பவே காதுல போட்டு வெச்சுட்டாங்க" என்றாள் அக்கா.

பன்னிரண்டு வயதுப் பெண் அடுத்த அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இவர்கள் இங்கே அவள் கால் சத்தத்துக்கு விலை பேசினார்கள்.

"ஆனா டமாரத்துக்கு இடம் கிடைக்குமாடா?" என்று அக்கா இழுத்தாள்.

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. "என்னக்கா பேசற? கோப்பை வாங்கினவ பொண்ணு! அங்க இடம் கிடைக்கலேன்னா மில் தெருவுலயோ எங்கயோ அவ இஷ்டத்துக்குப் படிச்சுட்டுப் போகட்டும். நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். இவர் முன்னால சொல்றேன், போதுமா?"

பிறகு அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்த டமாரத்தின் பக்கம் திரும்பி விரலை ஆட்டினார். "வேணும்னே காலத் தட்டினே, பள்ளிக்கூடமே கிடையாது. வீட்டுல உக்கார வேண்டியதுதான். விளையாட்டுன்னு நெனைக்காத."

அவர் விளையாடவில்லை என்று டமாரத்துக்குத் தெரியும். அன்றிலிருந்து அவள் வாய் மூடிக்கொண்டது. ஏறினாள், இறங்கினாள். புதன்கிழமையே படி கிறீச்சிடுவது நின்றுவிட்டது. வியாழக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் கண்ணைத் திறந்து பார்த்தார். பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அப்படிப் போடு!" என்று தொடையைத் தட்டினார். மகள் முகத்தை அவர் பார்க்கவில்லை. காபி கொண்டுவந்த அம்மா பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்காரர் தாமே ஒரு ஜோடி செருப்பை எடுத்து மனைவிக்குக் கொடுத்தார். கடையிலேயே விலை கூடினது, கடினமான உயரக் குதி வைத்தது. பழைய மாணவிகளின் பெண்கள் வந்தால் அம்மாவும் ஒரு படி பின்னால் இறங்கி வர வேண்டும் என்பது அந்தப் பள்ளி வழக்கம். நாலு பெரிய மனிதர்கள் பார்க்கிற இடத்தில் கடைச் சரக்கும் தெரியட்டுமே என்று அவருக்கு யோசனை.

"இத போட்டா சத்தம் கேக்குமே தம்பி" என்றாள் அக்கா.

"பூனைக்கா? இரும்ப மாட்டி விட்டாலும் கேக்காது. பந்தயம் கட்டறியா?"

மதில் பள்ளியின் கூடத்தில் அப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தோல் வியாபாரியும் இருந்தார்; அவர் பெண் முதல் வாய்ப்பிலேயே இறங்கிவிட்டாள். பெரிய டீச்சருக்கு வயதாகிவிட்டது, காது மட்டும் அப்படியே இருந்தது. மேலே டமாரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரப்பர் அடி வைத்த பள்ளிக்கூடச் செருப்பு. உதடு வெளுத்திருந்தது. பின்னால் அம்மா.

டமாரம் இறங்கினாள். மூச்சுக்கூடக் கேட்கவில்லை. பாதிப் படி தாண்டியாயிற்று.

டக்.

மணி அடித்தது. கூடத்தில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். டமாரம் பதறித் திரும்பினாள். அம்மாவின் முகத்தில் ஒன்றும் இல்லை.

"குழந்தைக்குப் பயம். பரவால்ல, மறுபடி வரட்டும்" என்றாள் பெரிய டீச்சர், திரும்பாமலே.

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ரப்பர் அடிச் செருப்பு அப்படிச் சத்தம் போடாது என்று அவருக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து செருப்பு விற்கிறவர். எந்தக் குதி எந்த மரத்தில் எப்படி விழும் என்று தூக்கத்திலும் சொல்வார். புதுச் செருப்பு, கால் தவறியிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

இரண்டாம் முறை முதல் படியிலேயே விழுந்தது. டக். அடுத்த படியில், டக். நிதானமாக, ஒவ்வொரு படிக்கும் ஒன்று. மணி அடித்தது. அது அடித்த பிறகும் இரண்டு படி சத்தம் தொடர்ந்தது.

"அம்மா, என்னம்மா பண்றே?" என்று மேலே போனதும் டமாரம் அழுகைக் குரலில் கிசுகிசுத்தாள். "அப்பா என்னை வீட்டுல உக்கார வெச்சுடுவாரு."

"உன் கால் சத்தம் இல்லடி அது. உங்கப்பாவுக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியலேன்னாலும் அவருக்குத் தெரியும்" என்றாள் அம்மா. பிறகு பெண்ணின் கையைப் பிடித்தாள். "ஓடலாமா?"

ஓடினார்கள். தடதடவென்று, ஒரு கையில் பெண்ணும் ஒரு கையில் தூக்கிப் பிடித்த புடவையுமாக, அவ்வளவு பெரிய படிக்கட்டு முழுக்க இடி இடிக்க இறங்கி வந்தாள் கோப்பை வாங்கினவள். டமாரம் பாதியில் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். மணி அடித்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, அடித்திருந்தாலும் கேட்டிருக்காது.

பெரிய டீச்சர் திரும்பிப் பார்த்தாள். அந்த நாற்காலியிலிருந்து அவள் திரும்பி யாரும் பார்த்ததில்லை.

"நீயா?"

"நான்தான் டீச்சர்" என்றாள் அவள், மூச்சிரைக்க.

கடைக்காரர் எழுந்தார். வாயைத் திறந்தார். அதற்குள் தோல் வியாபாரி, இப்படி ஒரு தமாஷ் எப்போது கிடைக்கும் என்கிற சந்தோஷத்தோடு, எல்லாரும் கேட்கும்படியாகவே கேட்டார். "அப்போ மில் தெருதானே? அன்னைக்கு என் முன்னால சொன்னீங்களே. வார்த்த வார்த்ததானே?"

மனைவி எத்தனை வருஷம் பேசாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறவர், சப்ளையர் முன்னால் ஒரு சொல் கீழே விழுவதைப் பொறுக்க மாட்டார். "பின்ன? சொன்னா சொன்னதுதான்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், கூட வந்திருந்த அக்கா புலம்பிக்கொண்டே வந்தாள். வீட்டில் அவர் கத்தினார், டம்ளரை விட்டெறிந்தார், ஒரு வாரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் குறையாகத் தெரியவில்லை. டமாரம் மில் தெருவுக்குப் போக ஆரம்பித்தாள். பள்ளி திறந்து பத்து நாள் ஆகவில்லை, கடையில் ஒருவருக்குச் செருப்பு மாட்டிவிட்டபடியே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"இந்தக் காலத்துல பொண்ணுங்களுக்கு சயின்ஸ் வேணும் சார். மதில் பள்ளியெல்லாம் சும்மா பேருக்கு. நான்தான் அலைஞ்சு திரிஞ்சு மில் தெரு ஸ்கூலப் பிடிச்சேன்."

அப்போது மாடியில் காலடிச் சத்தம் கேட்டது. தொம், தொம் என்று அறையைக் கடந்து, மேல்படியில் வந்து நின்றது. அவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். டமாரம் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், அக்கா வரவில்லை. பதினாலு வருஷமாகக் கூட வாழ்கிறவளின் காலடி அவருக்குத் தெரியவில்லை.

"யாரது மாடியில?" என்றார், கொஞ்சம் பயந்துபோய்.

"நான்தாங்க!" என்று மேலிருந்து குரல் வந்தது. கடையில் இருந்தவர்களும் தெருவில் போனவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். "சாப்பாடு ஆறுது, மேல வாங்க!"